ஜிம்மிக்கு விரித்த சாக்கு

நம் வயதுக்காரர்கள் கூடினால் தோற்ற கதைகளைத்தான் சொல்கிறோம். கிடைக்காமல் போன வேலை, விட்டுக்கொடுத்த நிலம், சொல்லாமல் விழுங்கிய வார்த்தை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நான் இன்று ஜெயித்த கதை ஒன்றைச் சொல்லப்போகிறேன். பெருமையடிக்கிறாள் என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைதான் அடிக்கிறேன். ஒரு நாயின் வயிற்றுத் தோலுக்காக வீட்டுப் பெரியவர்கள் அத்தனை பேரோடும் மோதி, பாவாடை கட்டிய வயதில் ஜெயித்தவள் நான். அதற்குப் பிறகு அவ்வளவு சுத்தமாக எதிலும் ஜெயித்ததில்லை.

எங்கள் வீடு எளாவூரில், செக்போஸ்டுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம். ரயிலில் ஆரம்பாக்கம் வழியாகப் போனவர்களுக்கு எங்கள் பக்கம் என்றால் நெல்வயல் ஞாபகம் வரும். எங்களுக்கு லாரிதான். ஆந்திராவுக்குப் போகிற லாரி, அங்கிருந்து வருகிற லாரி, சீல் வாங்கக் காத்துக் கிடக்கிற லாரி. காலையில் கண் விழித்தால் டீசல் வாசனை. அது இல்லாத நாள் ஸ்டிரைக் என்று அர்த்தம்.

எங்கள் வீட்டில் அதுவரை எல்லோரும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். அப்பாதான் முதலில் கும்மிடிப்பூண்டி பக்கம் கம்பெனி வேலைக்குப் போனார். அவரை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம், எல்லைப் பக்கத்தில் பாதி வீடுகளில் அப்படித்தான். சலவைத் தூள் செய்கிற கம்பெனி அது. நைனாவுக்குக் கோடவுனில் வேலை. லாரியில் வந்து இறங்குகிற சோடாத்தூள் மூட்டைகளை முதுகில் சுமந்து உள்ளே அடுக்க வேண்டும். ஆனால் வீட்டை விட்டுக் கிளம்பும்போது சட்டையை பேன்டுக்குள் விட்டுக்கொண்டுதான் கிளம்புவார். தெருவே பார்க்கும்.

கம்பெனி வேலையில் சம்பளத்துக்கு அடுத்த மரியாதை காலி சாக்குக்குத்தான். வெள்ளை பிளாஸ்டிக் சாக்கு, அதில் நீல எழுத்தில் இங்கிலீஷ். கோடவுன் ஆட்கள் அவ்வப்போது ஆளுக்கு ஒன்று வீட்டுக்குக் கொண்டுபோகலாம். எங்கள் வீட்டில் அந்தச் சாக்கு இல்லாத இடம் கிடையாது. மிளகாய் காயப்போட அதுதான், ஜன்னலுக்குத் திரை அதுதான். ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் மடித்துவிட்டால் மழைக்குத் தலையில் மாட்டும் கொங்காணி. என் பள்ளிக்கூடப் பை அதில் தைத்தது. கொங்காணியை எல்லாம் இப்போது யார் கண்ணிலாவது காட்ட முடியுமா, சொல்லுங்கள்.

எந்தச் சாக்கு வந்தாலும் அம்மா முதலில் குட்டைக்குக் கொண்டுபோய் அலசோ அலசென்று அலசி, வெயிலில் காயப்போட்டுத்தான் வீட்டுக்குள் விடுவாள். நாய்க்குப் போட்ட சாக்குக்கு அந்தக் குளியல் கிடையாது. அதை வாசலில் நின்று இரண்டு உதறு உதறுவார் நைனா. "நாய்க்கு இன்னாத்துக்கு தொவைச்சிக்கினு?" என்பாள் அம்மா.

ஜிம்மி லாரியில் வந்தவள். செக்போஸ்டில் நின்ற ஒரு லாரியிலிருந்து குட்டியாக இறங்கி, நேராக எங்கள் வீட்டுக்கு நடந்து வந்து, நைனாவின் செருப்பின் மேல் படுத்துக்கொண்டாள். பெட்டை நாய்க்கு ஜிம்மி என்று ஏன் பெயர் வைத்தீர்கள் என்று கேட்காதீர்கள். எங்கள் ஊரில் நாய் என்றால் ஜிம்மி, இல்லாவிட்டால் டைகர். டைகர் பக்கத்து வீட்டில் ஏற்கெனவே இருந்தான். செம்மண் நிற உடம்பு, நெற்றியில் வெள்ளை. கோடையெல்லாம் வேப்பமரத்தடி மணலில் குழி பறித்துப் படுப்பாள். நைனா ஷிப்ட் முடிந்து பஸ் இறங்கினால், எங்கள் எல்லோருக்கும் முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும்.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டது. மணல் சேறானது. நைனா ஜிம்மியை வீட்டை ஒட்டிய சாய்ப்புக்குள் கொண்டுவந்து, தரை ஈரம் என்று கீழே ஒரு கம்பெனி சாக்கை விரித்தார். அதில் ஜம்மென்று படுத்தாள். கொஞ்ச நாளில் சொறிய ஆரம்பித்தாள்.

முதலில் கக்கத்தில். அப்புறம் வயிறு, முழங்கை, தாடைக்கு அடியில். முடி கொட்டி, தோல் சிவந்து, வெடித்து, தொட்டால் சுடும். பின்னங்காலால் சொறிகிற சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம் தொம் தொம் என்று கேட்கும். சாதம் வைத்தால் இரண்டு வாய் தின்றுவிட்டு நக்கப் போய்விடுவாள். சொறிநாய் என்று தெருவில் ஒரு முறை பெயர் விழுந்துவிட்டால் போதும், யாரும் கிட்டப் போய் எந்த இடத்தில் சொறி என்று பார்க்க மாட்டார்கள்.

வைத்தியம் நடந்தது, நடக்காமல் இல்லை. அம்மா வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து வெடித்த தோலில் அப்பினாள். ஜிம்மி கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு டைகர் பதில் கத்தினான். அடுத்து வந்தார் நைனாவின் சிநேகிதரான லாரி டிரைவர். நெல்லூர் பக்கத்து ஆள், செக்போஸ்டில் நிற்கும்போதெல்லாம் எங்கள் வீட்டில்தான் நாஷ்டா. இஞ்சினிலிருந்து வடித்த கருப்பு ஆயிலை ஒரு டின் நிறையக் கொண்டுவந்து வைத்தார்.

"அண்ணா, இத தலையிலருந்து வால் வரிக்கும் பூசு. எங்க ஊர்ல எல்லா நாய்க்கும் இதான். லாரிக்கே ஒண்ணும் ஆவல, நாய்க்கு இன்னா ஆயிடும்?"

தெருவுக்குத் தெரு அந்த வைத்தியம் அப்போது நடந்துகொண்டிருந்தது. கருப்பாகப் பளபளக்கிற நாயைப் பார்த்தால் ஓஹோ, வைத்தியம் நடக்கிறது என்று புரிந்துகொள்வோம். ஜிம்மியும் கருப்பானாள். நக்கினாள். நக்கிவிட்டு மஞ்சளாக வாந்தி எடுத்து, கண் சொருகி இரண்டு வேளை எழுந்திருக்கவில்லை.

நைனாவைக் கொடுமைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். ஜிம்மி மேல் உயிர். அதனால்தான் சொறி அதிகமாக ஆக, "படுக்கை அழுக்காவுது போல, அதான் ஆற மாட்டேங்குது" என்று பழைய சாக்கை எடுத்து வீசிவிட்டுப் புதுச் சாக்கு கொண்டுவந்து விரிப்பார். கோடவுனில் கெஞ்சிக் கேட்டு வாங்கி வருவார். அப்போதுதான் காலி செய்த, மடிப்புக் கலையாத சாக்கு. இதுதான் பாசம் படுத்தும் பாடு.

இந்த நேரம் பார்த்து அக்காவின் மாமியார் வந்தார்.

அக்காவைத் திருவள்ளூருக்குப் பக்கத்தில் திருப்பாச்சூரில் கட்டிக்கொடுத்திருந்தது. தலைப்பிள்ளை உண்டாகியிருந்தாள். வளைகாப்பு முடித்து அழைத்து வருவதைப் பற்றிப் பேசத்தான் அவர் வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தவரின் புடவை ஓரத்தில், ஆயில் பூசிய ஜிம்மி வந்து உடம்பைத் தேய்த்தாள். அவ்வளவுதான். டீ டம்ளரோடு எழுந்து நின்றார் அவர்.

"இன்னா சம்மந்தி இது? சொறிநாய ஊட்ல வச்சிக்கினு புள்ளத்தாச்சிய அனுப்பு, அனுப்புன்றீங்க. பச்சக் கொழந்த பொறக்கப் போற எடமா இது?"

"மருந்து போட்டுக்கினு கீறோம்…" என்று அம்மா இழுத்தாள்.

"மருந்து நீங்க போடுங்க, வேணாங்கல. இந்த நாயி இங்க இருக்கற வரிக்கும் என் மருமவ இந்தப் பக்கம் வர மாட்டா. பிரசவத்த நானே பாத்துக்கறேன்."

தலைப் பிரசவத்துக்குப் பெண் தாய் வீட்டுக்கு வரவில்லை என்றால் அது எப்படிப்பட்ட தலைகுனிவு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அம்மா அன்று முழுக்கச் சமைக்கவில்லை. நைனா கொஞ்ச நேரம் சாய்ப்புக்கும் வாசலுக்குமாக நடந்தார். பிறகு செக்போஸ்ட் பக்கம் போய் டிரைவரிடம் சொல்லிவிட்டு வந்தார்.

எங்கள் ஊரில் அது ஒரு வழக்கம். வேண்டாத நாயை யாரும் அடிக்க மாட்டார்கள், பாவம் என்பார்கள். காத்திருக்கிற லாரியில் ஏற்றி எல்லை தாண்டி விட்டுவிடுவார்கள். ஆந்திராவுக்குப் போன நாய் அங்கே நன்றாக இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. போன நாய் எதுவும் திரும்பி வந்து எப்படி இருந்தேன் என்று சொன்னதில்லை. அங்கிருந்தும் இப்படித்தான் இங்கே அனுப்பினார்கள் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். ஜிம்மியே அப்படி வந்தவள்தானே.

"அடுத்த நடை வர்றப்போ இட்டுக்கினு போய்டறேன்னாரு," என்றார் நைனா. யார் முகத்தையும் பார்க்காமல்தான் சொன்னார்.

நான் அழுதேன், தட்டைத் தள்ளினேன், உதை வாங்கினேன். எதுவும் நடக்கவில்லை. கடைசியில் பள்ளிக்கூடத்திலிருந்து மழையில் நனைந்து வந்தவள், பாவாடையைக்கூட மாற்றாமல் சாய்ப்புக்குப் போய் ஜிம்மியைக் கட்டிக்கொண்டு அந்தச் சாக்கிலேயே படுத்துக்கொண்டேன். ஆயில் நாற்றம், ஈர நாய் நாற்றம், அதற்கும் அடியில் துவைத்த துணி மாதிரி ஒரு சுத்தமான வாசனை. ஜிம்மி என் முழங்கையை நக்கினாள். அப்படியே தூங்கிவிட்டேன். எல்லையைத் தாண்டினால் ஜிம்மிக்கு யார் சோறு வைப்பார்கள் என்பதுதான் எனக்குத் தூக்கத்திலும் ஓடியது.

பொழுது சாய எழுந்தபோது முழங்கால் மடிப்பு எரிந்தது. ஒரு பக்கக் கன்னம் எரிந்தது. முழங்கை இரண்டும் சிவந்து தடித்திருந்தன. அம்மா விளக்கு வெளிச்சத்தில் பார்த்தாள், வீடே அதிரக் கத்தினாள்.

"ஐயோ, ஒட்டிக்கிச்சே! நாயோட சொறி புள்ளைக்கு ஒட்டிக்கிச்சே!"

ஜிம்மிக்காகப் படுத்தவள் ஜிம்மிக்கு எதிரான சாட்சியாகிவிட்டேன். அடுத்த நடை எல்லாம் வேண்டாம், செக்போஸ்டில் நிற்கிற டிரைவர் காலையிலேயே வரட்டும் என்று நைனா ஆள் அனுப்பிவிட்டு நைட் ஷிப்டுக்குக் கிளம்பிப் போனார். ஜிம்மியைச் சாய்ப்புக் கம்பத்தில் கட்டினார்கள். என்னை யாரும் தொடக்கூடாது என்று தனியாகப் படுக்க வைத்தார்கள்.

காலையில் நைனா வேலையிலிருந்து வந்தார். வந்ததும் கொல்லையில் தொட்டி அடியில் உட்கார்ந்து குளிப்பார், அம்மா தண்ணீர் ஊற்றுவாள். வழக்கமாக எங்களை அந்தப் பக்கம் வரவிட மாட்டார். அன்றைக்கு நான் அங்கேதான் இருந்தேன். மஞ்சளைப் பூசிக் கொல்லைச் சுவரோரம் கல்லில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள், வீட்டுக்குள் எதையும் தொட்டுவிடுவேனாம்.

நைனா சட்டையைக் கழற்றினார். கழுத்தில் கிடந்த துண்டை எடுத்தார்.

பிடரியிலிருந்து தோள் வரை சிவப்பு. நடுவில் வெடிப்பு, ஓரத்தில் பொருக்கு. மூட்டை உட்காருகிற இடம் எதுவோ அந்த இடம் மட்டும். அதற்குக் கீழே முதுகு பளிங்கு மாதிரி இருந்தது. நான் என் முழங்கையைப் பார்த்தேன். சாய்ப்பில் கம்பத்தைச் சுற்றிக்கொண்டிருந்த ஜிம்மியின் வயிற்றைப் பார்த்தேன். எனக்குப் பள்ளிக்கூடத்தில் கணக்கு ஏறவே ஏறாது. ஆனால் இந்தக் கணக்கு அந்த நிமிஷம் ஏறியது.

"நைனா, உன் கழுத்துல கீதே, அதுவும் ஜிம்மிகிட்டருந்து ஒட்டிக்கினதா?"

"இதுவா? இது ரொம்ப நாளா கீறதுடி. லோடு அடிக்கிறவன் எல்லாருக்கும் இருக்கும். நீ அந்தாண்ட திரும்பு."

"லோடு அடிக்கிற எல்லாருமே வந்து நம்ம ஜிம்மிய தொட்டாங்களா?"

அம்மாவின் கையில் சொம்பு அப்படியே நின்றது. நைனா திரும்பிப் பார்த்தார். எனக்குப் பயம்தான். ஆனால் நிறுத்தினால் லாரி வந்துவிடும்.

"ஜிம்மிக்கு முதுகுல ஒண்ணும் இல்ல நைனா. காதுல இல்ல. சாக்குல படற எடத்துல மட்டும்தான் கீது. எனக்கும் சாக்குல பட்ட எடத்துலதான் எரியுது. இந்தக் கன்னத்துல பாரு, அந்தக் கன்னத்துல இல்ல. உனக்கும் சாக்கு படற எடத்துலதான் கீது."

நைனா ஈர உடம்போடு எழுந்து சாய்ப்புக்குப் போய் அந்தச் சாக்கை எடுத்து வந்தார். மேலே தண்ணீர் ஊற்றி இரண்டு விரலால் தேய்த்தார். சோப்பே இல்லாமல் வழவழவென்று வழுக்கியது. தையலைப் பிரித்தார். உள் மடிப்பில் வெள்ளைச் சோடாத்தூள், ஈரம் பட்டால் தோலை அரிக்கிற தூள், களியாகப் பிடித்திருந்தது. அதை விரலில் எடுத்து வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் சுமக்கிற பொருளை அவர் அப்போதுதான் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

முதலில் அசைந்தது அம்மா. சொம்பைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். உத்தரத்தின் மேல் நைனா புதுச் சாக்குகளாகப் பொறுக்கி எடுத்து மடித்து வைத்திருந்தார். அக்கா வந்து குழந்தையோடு படுக்கிற மூலையில் தரை ஈரம் ஏறாமல் விரிப்பதற்கு. புதுசு கசங்கக்கூடாது என்று அலசக்கூட விடவில்லை. அந்தச் சாக்குக் கட்டை அம்மா இழுத்து முற்றத்தில் எறிந்தாள்.

"கொழந்தைக்கு… கொழந்தைக்கு விரிக்க வச்சிருந்தியேய்யா!"

நைனா தொட்டிக் கட்டையில் உட்கார்ந்துவிட்டார். இவ்வளவு பெரிய மனிதர் அவ்வளவு சின்னதாக உட்கார்ந்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. எனக்கு அவர் மேல் பரிதாபம் வந்தது, ஆனால் அதைவிடப் பெரிதாக உள்ளுக்குள் ஒரு குதியாட்டம். அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வாசலில் லாரி ஹாரன் அடித்தது. டிரைவர் கயிற்றோடு உள்ளே வந்தார்.

"அண்ணா, நாயி எங்க?"

நைனா எழுந்தார். கருப்பு ஆயில் டின்னை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"இத இட்டுக்கினு போப்பா. நாயி இங்கதான் இருக்கும்."

"அப்ப சொறி?"

"சொறிதான் போவப் போவுது."

அந்த வார்த்தை என் காதில் தேன். ஆனால் டிரைவர் போனதும் நைனா என்னைக் கூப்பிட்டு நிறுத்தி, "அக்கா வர்றதுக்குள்ள ஆறணும். ஆறலன்னா நான் இன்னா சொன்னாலும் அந்தம்மா நம்ப மாட்டாங்க. அப்பால ஜிம்மி போயே ஆவணும். தெரிஞ்சிக்கினியா?" என்றார். தெரிந்துகொண்டேன்.

அம்மா பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி ஆரம்பித்தாள். வெந்நீரை ஆறவைத்து, பயத்தமாவைக் குழைத்து, தேய்க்காமல் ஒற்றி ஒற்றி அந்த லாரி ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தாள். முதல் தண்ணீர் கருப்பாக ஓடியது. கடைசித் தண்ணீர் தெளிவாக ஓடும்வரை விடவில்லை. பிறகு ஆறின வடிகஞ்சியை வயிறு முழுக்க ஊற்றி, கொஞ்சம் ஊறவிட்டு அலசி, பழைய வேட்டியால் ஈரம் போக ஒற்றினாள். மஞ்சள், வேப்பிலை எதையும் வெடித்த தோலுக்குக் கிட்டே கொண்டுவரவில்லை. கடைசியாக உள்ளங்கையில் இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய், நக்கினாலும் பாதகமில்லை என்று. படுக்க அம்மாவின் பருத்திப் புடவை, அலசி, வெயில் இல்லாத நாளில் அடுப்பு மேட்டில் காயவைத்தது. அதை நான்தான் தினமும் மாற்றுவேன்.

நக்குவதை நிறுத்தத்தான் பேஜாராகிவிட்டது. நைனா ஓட்டைப் பிளாஸ்டிக் பக்கெட்டின் அடியை அறுத்து, ஓரத்துக்குத் துணி சுற்றித் தைத்து, ஜிம்மியின் தலையில் மாட்டினார். அதைப் போட்டுக்கொண்டு கதவில் இடித்தாள், அம்மாவின் காலில் இடித்தாள், டைகரைப் பார்த்துக் குரைத்தால் குரல் ஒலிபெருக்கி மாதிரி வந்தது. டைகர் இரண்டு நாள் தெருப்பக்கம் வரவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசை கட்டி வந்து சிரித்தார்கள். சிரிங்கடா என்று விட்டுவிட்டேன்.

முதலில் சூடு தணிந்தது. பிறகு சிவப்பு வெளிறியது. சொறிகிற சத்தம் குறைந்து, ஒரு நாள் நான் கவனித்தபோது கேட்கவே இல்லை. அப்புறம் மொட்டை போட்ட தலையில் வருகிற மாதிரி சொரசொரவென்று முடி முளைக்க ஆரம்பித்தது. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதன் மேல் கன்னத்தை வைத்துத் தேய்த்துப் பார்ப்பேன். ஜிம்மி பக்கெட்டுக்குள்ளிருந்து என்னைப் பொறுமையாகப் பார்ப்பாள். நன்றாகச் சாப்பிட ஆரம்பித்தாள். துருத்திக்கொண்டிருந்த விலா மறைந்து சதை பிடித்தது.

இதைக் கேட்டுவிட்டு உங்கள் வீட்டு நாய்க்கும் கஞ்சி ஊற்றி உட்கார்ந்திருக்காதீர்கள். பூச்சியால் வருகிற சொறி வேறு, அதற்கு டாக்டர்தான் கதி. எங்களுடையது நாங்களே உண்டாக்கியது, அதனால் நாங்களே தீர்க்க முடிந்தது.

நைனாவின் கழுத்தும் ஆறியது. வேலை முடிந்ததும் அங்கேயே கழுவிக்கொண்டு, அலசின துண்டை மடித்துப் பிடரியில் போட்டுத்தான் மூட்டை தூக்கினார். மற்றவர்களிடம் சட்டையைக் கழற்றிக் காட்டினாராம். எல்லோரும் சேர்ந்து போய்க் கேட்டதில் கோடவுன் வாசலுக்கே ஒரு தண்ணீர்க் குழாய் வந்தது. ஒரு நாய் வயிற்றிலிருந்து கிளம்பிய சேதி எவ்வளவு தூரம் போயிருக்கிறது பாருங்கள்.

மழை விட்டு வெளிச்சமாக ஒரு நாள் அக்கா வந்தாள். வளைகாப்பு வளையல்கள் கை நிறைய, வயிறு முன்னால், மாமியார் பின்னால். நாய் போய்விட்டது என்று யாரும் அவருக்குச் சொல்லி அனுப்பவில்லை. நாய் நன்றாகிவிட்டது என்றுதான் அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். அதை அவர் நம்பியதாகத் தெரியவில்லை. கண்ணால் பார்க்க வேண்டும், பிடிக்காவிட்டால் மருமகளை அதே பஸ்ஸில் திருப்பி அழைத்துப் போக வேண்டும் என்றுதான் துணைக்கு வந்திருந்தார். அக்காவின் துணிப் பையைக்கூடக் கையை விட்டு இறக்கவில்லை.

பஸ் நின்றதும் ஜிம்மி சாலையோரமாக ஒரே ஓட்டம். அன்று காலையில்தான் பக்கெட்டைக் கழற்றியிருந்தோம். வெயிலில் செம்பு மாதிரி மின்னிக்கொண்டு போய் அக்காவின் காலைச் சுற்றிச் சுற்றி வந்து நக்கினாள். அக்கா குனிய முடியாமல் சிரித்தாள். நான் மாமியாரின் முகத்தையே பார்த்தேன்.

மாமியார் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"எங்க சம்மந்தி அந்த சொறிநாயி? நல்லாயிடுச்சின்னு சொல்லி அனுப்பினீங்களே."

"அதோ, உங்க மருமவ காலத்தான் நக்கிக்கினு கீது," என்றார் நைனா.

அவர் நம்பவில்லை. பையைக் கீழே வைத்தார். குனிந்து ஜிம்மியின் தாடையைத் தூக்கிப் பார்த்தார். கக்கத்தைப் பார்த்தார். ஜிம்மி, இந்த மரியாதை தனக்கு உரியதுதான் என்கிற மாதிரி, மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டினாள். புடவைக் கடையில் ஜரிகையைத் தடவிப் பார்ப்பதுபோல அவர் அந்த முடியை எதிர்ப்பக்கமாகத் தடவிப் பார்த்தார்.

"இன்னா மருந்து போட்டீங்க?"

நைனா ஊர்ப் பெரியவர்கள் எதிரில்கூடச் சட்டைப் பொத்தானை அவிழ்க்காதவர். சம்பந்தியின் முன்னால், நடுத்தெருவில், காலரைக் கீழே இழுத்துப் பிடரியைக் காட்டினார். அங்கே தோல் புதிதாக, பழைய நிறத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

"மருந்து ஒண்ணும் இல்ல சம்மந்தி. கம்பெனி சாக்க நான்தான் அதுக்கு விரிச்சேன். என் கழுத்த கெடுத்ததும் அதான், நாய் வயித்த கெடுத்ததும் அதான். கொழந்தைக்கும் அதையே விரிக்கறதா இருந்தேன். எங்க யாருக்கும் தெரியல. இதோ நிக்கறாளே, இவ கண்டுபுடிச்சா."

கையை என் தலையில் வைத்தார். அக்கா என்னைப் பார்த்தாள், அம்மா முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். பத்தாவதில் பாஸ் செய்தபோதும், கல்யாணத்தின்போதும், முதல் சம்பளம் வாங்கியபோதும் அந்த அளவு நான் நிமிர்ந்து நின்றதில்லை.

மாமியார் அக்காவின் துணிப் பையை எடுத்து அம்மாவின் கையில் கொடுத்தார். எல்லாம் முடிந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அவர் முடிக்கவில்லை.

"நல்ல ஜாதி நாயாட்டம் கீது. குட்டி போட்டா எனக்கு ஒண்ணு எடுத்து வைங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், குட்டி என் சொத்து என்கிற மாதிரி. சரி என்று சொல்லியிருக்கலாம். நல்ல பெண் என்று பெயர் வாங்கியிருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டுப் பிள்ளையை எப்படிப்பட்ட வீட்டுக்கு அனுப்புகிறோம் என்று நாங்களும் கேட்க வேண்டாமா?

"உங்க ஊட்ல குட்டிக்கு இன்னா விரிப்பீங்க?" என்றேன்.

அம்மா என் தொடையில் கிள்ளினாள். அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். திருப்பாச்சூர் மாமியார், நடுத்தெருவில் நின்று, உண்மையாகவே யோசித்தார்.

"என் பொடவ ஒண்ணு கீது. பருத்தி. நல்லா பழசானது."

"தொவைச்சதா?"

"தொவைச்சித்தான்டி விரிப்பேன்," என்றார் அவர்.

சரி, தருகிறேன் என்று சொன்னேன்.